கைக்குட்டை அளவுத் துணி, ஒரே ஒரு தையல்

ஆரி ஒர்க் வகுப்போ எம்ப்ராய்டரி வகுப்போ முடித்தவர்களிடம் பெரும்பாலும் ஒரு நோட்டு இருக்கும். பக்கத்துக்கு ஒரு துணித்துண்டு ஒட்டி, சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல், மீன்முள் தையல் என்று முப்பது நாற்பது வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் நாலு விரல் நீளம், ஒரே ஒரு தடவை போட்டது. உழைத்துத்தான் செய்திருப்பார்கள். ஆனால் “சரி, இனி உங்களுடையதாக ஒன்று செய்யுங்கள்” என்றதும் கை நின்றுவிடும். எந்தத் தையலை எங்கே போடுவது, எவ்வளவு நெருக்கமாகப் போடுவது, எங்கே விடுவது என்று முடிவெடுக்க அந்த நோட்டு பழக்கியிருக்காது.

துணியில் கலை செய்ய வருபவருக்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரே தையல் போதும் என்பது என் உறுதியான எண்ணம். ஓட்டுத் தையல். வகுப்பிலும் கடையிலும் ரன்னிங் ஸ்டிட்ச் என்பார்கள். ஊசி மேலே வந்து, கீழே போய், மறுபடி மேலே வரும், அவ்வளவுதான். பழைய புடவையையும் வேட்டியையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலால் வங்கத்துப் பெண்கள் போட்ட காந்தாவுக்கு ஆதாரம் இதுதான். ஜப்பானியரின் சாஷிகோ இதுதான். நீலகிரியில் தோடர் பெண்கள் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் போடும் பூத்தையலும் அடிப்படையில் இதே போக்குதான். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் கவந்தி ஒட்டுப்போர்வையும் இதனால்தான் பிடித்து நிற்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றது என்று யாரும் மயங்க மாட்டார்கள். தையலின் நீளம், வரிசைகளுக்கு நடுவே இடைவெளி, நூலின் பருமன், துணியின் அடுக்கு, தையல் ஓடும் திசை, இந்த ஐந்தும்தான் அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. பயிற்சி செய்ய வேண்டியதும் இந்த ஐந்தைத்தான்.

முதலில் துணி. வீட்டில் பத்துப் பதினைந்து தடவை வெளுத்த பழைய பருத்தி வேட்டி இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். கஞ்சி முழுக்கப் போயிருக்கும், சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், ஊசி தானாக இறங்கும். வேட்டி கலப்பா, பருத்தியா என்று சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். கலப்புத் துணியில் தைக்கலாம், ஆனால் பின்னால் சாயம் சரியாக ஏறாது. அடுக்குத் துணியாகத் தைத்தால் ஒரு அடுக்கு சுருங்கும், இன்னொன்று சுருங்காது.

புதுத் துணிதான் என்றால் காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி வாங்குங்கள். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் ஓடுவது. அதை அப்படியே தைக்கக் கூடாது. நூறு கிராம் துணிக்கு 3 கிராம் சலவை சோடா, ஒரு சிட்டிகை சோப்புத் தூள், துணி தாராளமாக மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் கடும் டீ நிறத்துக்கு வரும். அது துணியிலிருந்த கஞ்சியும் மெழுகும். அலசிக் காயவைத்த பின் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் சரி. சொட்டு முத்தாக நின்றால் இன்னொரு தடவை கொதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தவர்கள், முதல் சலவையில் துணி ஒரு மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. சுருங்கி, தையல் மட்டும் அலை அலையாகத் தொங்குவதைப் பார்ப்பார்கள்.

நூல், ஆங்கர் கண்டு. ஒரு கண்டில் 8 மீட்டர், ஆறு இழை. பயிற்சிக்குக் கறுப்பு ஒன்று, அடர் சிவப்பு ஒன்று போதும். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். ஊசிக் காதில் நூல் ஒவ்வொரு தடவையும் உரசுகிறது. நீளமான நூலின் கடைசிப் பகுதி துணிக்குள் ஐம்பது அறுபது தடவை போய்வந்திருக்கும். அதனால்தான் வரிசையின் தொடக்கம் மினுங்கலாகவும் முடிவு பஞ்சு பஞ்சாகவும் தெரிகிறது. இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து இழுக்காமல் ஒவ்வொன்றாக உருவி, பின் சேர்த்துப் பிடியுங்கள். சேர்த்து இழுத்தால் மீதி நாலும் சுருண்டு சிக்கும். எம்ப்ராய்டரி ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். இரண்டு இழைக்கு 8 அல்லது 9, மூன்றுக்கு 7, ஆறுக்கு 3 முதல் 5. ஊசி நூலைவிட மெலிதாக இருந்தால் நூல் துணியைக் கிழித்துக்கொண்டு நுழையும். பருமனாக இருந்தால் ஓட்டை தெரியும்.

பிரேம் வேண்டாம். ஓட்டுத் தையலில் ஊசியின் மேல் நாலைந்து தையலைக் கோத்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பதுதான் கைவாகு. பிரேமில் இறுக்கிய துணியில் அப்படிக் கோக்க முடியாது, ஒவ்வொரு தையலையும் மேலே குத்தி கீழே குத்தி எடுக்க வேண்டியிருக்கும். மல் துணிபோல ரொம்ப மெலிதானது என்றால் அடியில் இன்னொரு மல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதல் பயிற்சி. இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

இருபது செ.மீ. சதுரத் துணி. ஓரத்தில் எல்லாப் பக்கமும் 2 செ.மீ. விட்டு, நடுவில் 16 செ.மீ. சதுரம் வரையுங்கள். அதை நான்குக்கு நான்காக, 4 செ.மீ. கட்டங்கள் பதினாறாகப் பிரியுங்கள். மென்மையான பென்சில், மெல்லிய கோடு. சூட்டில் மறையும் பேனாவைத் தவிருங்கள். இஸ்திரியில் மறைந்த கோடு நல்ல குளிரில் திரும்பி வரும். நீலக் கார்பன் பேப்பர் கறையாக நிற்கும்.

மேல் வரிசை நான்கு கட்டங்களிலும் தையலின் நீளம் மாறாது: மேலே 3 மி.மீ., கீழே 3 மி.மீ., இரண்டு இழை கறுப்பு. வரிசைகளுக்கு நடுவே இடைவெளிதான் மாறும். முதல் கட்டத்தில் 10 மி.மீ., அடுத்து 6, அடுத்து 4, கடைசியில் 2. பத்து மி.மீ. கட்டத்துக்கு ஐந்து வரிசை, அதாவது 20 செ.மீ. தையல், ஐந்து நிமிடம் ஆகாது. இரண்டு மி.மீ. கட்டத்துக்கு இருபத்தொரு வரிசை, 84 செ.மீ. தையல், திருப்பங்களையும் முடிச்சையும் சேர்த்தால் இரண்டு முழத்துக்கு மேல் நூல். முதல் தடவை முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். முடித்ததும் சுவரில் குத்தி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். ஒரே கறுப்பு நூல்தான். முதல் கட்டம் வெறும் துணியாகவே தெரியும், கடைசிக் கட்டம் சாம்பல் நிறத் துணியை ஒட்டியதுபோலத் தெரியும். போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தால் இன்னும் தெளிவாகும். வெளிச்சம், நிழல், தூரம், பக்கம் எல்லாவற்றையும் ஒரே நூலில் காட்டலாம் என்பது அந்த நான்கு கட்டத்திலேயே கண்ணுக்குப் பிடிபடும்.

இரண்டாம் வரிசையில் இடைவெளி 4 மி.மீ. மாறாது, தையலின் மேல் கீழ் விகிதம் மாறும். மேலே 1 கீழே 5. மேலே 3 கீழே 3. மேலே 5 கீழே 1. கடைசிக் கட்டம் சாஷிகோ முறையில் மேலே 3 கீழே 2. மேலே 1 கீழே 5 போட்ட கட்டம் தூறல்போல இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் மேலே 5 கீழே 1 ஆகியிருக்கும். ஒரு துணியில் இரண்டு கட்டத்துக்கான பாடம். சாஷிகோவில் கீழ்த் தையலைவிட மேல் தையல் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும் என்று ஏன் வலியுறுத்துகிறார்கள் என்பதும் இந்தக் கட்டத்தில் விளங்கும்: சரிபாதி விகிதத்தில் கோடு உடைந்ததாகத் தெரிகிறது, மூன்றுக்கு இரண்டில் ஓடுவதாகத் தெரிகிறது.

மூன்றாம் வரிசையில் நீளமும் இடைவெளியும் அப்படியே, இழை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஊசியை மாற்றுங்கள். நான்காம் வரிசையில் எல்லாம் ஒரே அளவு, அடுக்கும் விதம் மட்டும் வேறு. ஒன்றில் தையலுக்கு நேர் கீழே தையல். அடுத்ததில் செங்கல் அடுக்குபோல மாற்றி மாற்றி. மூன்றாவதில் ஒவ்வொரு வரிசையும் 1 மி.மீ. தள்ளித் தொடங்கி, சாய்கோடு தானாக எழும்படி. கடைசியில் எந்தக் கணக்கும் இல்லாமல். கணக்கில்லாததுதான் கடினம். கை தன்னையறியாமல் செங்கல் அடுக்குக்குப் போய்விடும்.

இதே சதுரத்தை மூன்று வாரம், வாரத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். முதலாவதில் கண் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவதில் கோடு வரையாமலே 4 மி.மீ. விழும். போட்ட தையலைப் பிரிக்காதீர்கள். தப்பான வரிசை அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் என்ன தப்பு என்று எழுதிவையுங்கள்.

தப்புகளில் முதலாவது சுருக்கம். துணி தையலோடு சேர்ந்து கூம்பும். இதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான், வரிசை முடிந்து திரும்பும் இடத்தில் நூலை இழுத்துப் பிடிப்பது. திருப்பத்தில் பின்பக்கம் ஒரு அரிசி நீளத்துக்கு நூலைத் தளர விடுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, தையல் ஓடிய திசையில் ஒருதடவை நீவிவிடுங்கள். அதிக இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாத் தையலுக்கும் பரவி அடங்கிவிடும். அடுத்தது நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுவது. பத்துப் பதினைந்து தையலுக்கு ஒரு முறை துணியைத் தூக்கி ஊசியைத் தொங்கவிட்டால், அதுவே சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். மூன்றாவது சாயம் கசிவது, குறிப்பாகச் சிவப்பும் கறுப்பும். தைப்பதற்கு முன் ஒரு சாண் நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தக் கண்டை வெந்நீரில் அலசி அலசித் தண்ணீர் தெளியும்வரை எடுத்து, பிறகு தையுங்கள்.

இரண்டாவது பயிற்சி ஒரு வடிவத்தைச் சுற்றி ஓடுவது. முருங்கை இலைத் துணுக்கு, பூவரசு இலை, ஒரு சாவி, எதுவானாலும் கையிலிருக்கும் பொருளைத் துணியில் வைத்துச் சுற்றி வரையுங்கள். கோட்டின் மேல் ஒரு வரிசை. பிறகு உள்ளே 3 மி.மீ. தள்ளி இன்னொன்று, வெளியே 3 மி.மீ. தள்ளி இன்னொன்று, குளத்தில் கல்லெறிந்த அலைபோல. காந்தாவில் மீனும் தாமரையும் இப்படித்தான் நிறைகின்றன. பூவரசு இலையின் நுனியில் சிக்கல் வரும். உள்பக்க வரிசைகள் நுனியில் நெருங்கிக் குவிந்து, அங்கே துணி கெட்டிப்படும். அதற்கு, நுனிவரை போகும் வரிசைகளில் ஊசி நுனிப்புள்ளியில் சரியாகக் கீழிறங்க வேண்டும். நுனிக்கு 5 மி.மீ. முன்பே ஒன்றுவிட்டு ஒரு வரிசையை நிறுத்திவிட வேண்டும். வளைவு இறுகும் இடத்தில் தையலை 2 மி.மீ. ஆகக் குறையுங்கள். நீளத் தையல் வளைவில் மூலை மூலையாக உடையும்.

மூன்றாவது, அடுக்கு. வேட்டித் துணி இரண்டு அல்லது மூன்று அடுக்கு, சதுரம் 24 செ.மீ. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 8 செ.மீ.க்கு ஒரு வரி நூலோட்டம் போட்டுப் பிடியுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் காற்றுப்பை மாட்டிக்கொள்ளும். பிறகு 5 மி.மீ. இடைவெளியில் முழுக்க ஓட்டுத் தையல். தைப்பதற்கு முன் அளந்து எழுதுங்கள், தைத்த பின் அளந்து எழுதுங்கள், துவைத்துக் காய்ந்த பின்னும் அளந்து எழுதுங்கள். தையல் அடுக்குகளைக் கீழே அழுத்த, இரண்டு வரிசைக்கு நடுவே துணி உப்பும். காந்தாவைத் தடவும்போது கைக்குத் தெரிகிற அந்தச் சிற்றலை இதிலிருந்துதான் பிறக்கிறது. முதல் பயிற்சியில் குற்றமாக இருந்த சுருக்கம் இங்கே நாமே அளவு வைத்து வரவழைப்பது. 5 மி.மீ.யில் ஒன்று, 10 மி.மீ.யில் ஒன்று போட்டு ஒப்பிட்டால் இடைவெளிக்கும் அலைக்கும் உள்ள கணக்கு கைவசமாகும்.

கவந்தி முறையை நான்காவதாக வைத்துக்கொள்ளலாம். சித்திப் பெண்கள் போர்வையின் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தோடு ஒட்டுத்துணிகளை மடித்துத் தைத்துக்கொண்டே சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். முன்கூட்டி வரைந்த படம் கிடையாது. அடுத்த துண்டு எது என்பது முந்தைய துண்டு முடியும்போதுதான் தீர்மானம். மூலைகளில் சின்னத் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். பயிற்சிக்கு 30 செ.மீ. அடித்துணி, தையல்காரரிடம் கேட்டு வாங்கிய வெட்டுத் துணி, மடிப்பு 6 மி.மீ. மடிப்பு அதைவிடக் குறைந்தால் துவைக்கும்போது பிரியும். கூடினால் மூலை கட்டை போடும். திட்டம் போட்டே பழகியவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

நிறத்துக்கும் இதே துண்டுத்துணி முறைதான். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூளும், அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கிடைக்கும். இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது மருந்துக்குச் சொன்னது. சாயத்துக்கும் தோல் பாகம்தான் வேண்டும், துவர்ப்பு அதில்தான். கொட்டை நீக்கி அரைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். நூறு கிராம் சலவை செய்த துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள், மூன்று லிட்டர் கைபொறுக்கும் வெந்நீர், ஒரு மணி நேரம் ஊறல், நடுநடுவே திருப்பிவிடுங்கள். பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். மங்கலான மஞ்சள் ஏறியிருக்கும்.

இப்போது அந்தத் துணியை 20 கிராம் எடையுள்ள ஐந்து பட்டைகளாக வெட்டுங்கள். வீட்டுத் தராசில் கால் கிராம் அளக்க முடியாது. அதனால் 10 கிராம் அன்னபேதியை வெந்நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கிக்கொள்ளுங்கள். பத்து மில்லியில் 0.1 கிராம் இருக்கும். முதல் பட்டைக்கு எதுவும் இல்லை. மற்ற நான்குக்கும் தனித்தனி வாளியில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முறையே 10, 20, 40, 80 மில்லி. ஒவ்வொன்றும் பத்து நிமிடம். துணி முழுக்க நனைந்த பிறகே இறக்குங்கள், உலர்ந்த துணியை இறக்கினால் திட்டுத் திட்டாகும். மஞ்சளிலிருந்து சாம்பல், சாம்பலிலிருந்து இரும்புக் கறுப்பு என்று ஐந்து படிகள் வரும். நன்றாக அலசுங்கள். கடைசிப் பட்டை துணி எடையில் 4 சதவீதம். அதற்கு மேல் போகாதீர்கள். இரும்பு அதிகமானால் பருத்தி நாளடைவில் நொறுங்கும். கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் துருப்பிடித்துப் பழுப்பாகும். கையுறை அவசியம், சமையல் பாத்திரம் இதற்கு ஆகாது. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையிலும், 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரித் துணி ஓவியத்திலும் கறுப்புக் கோடு எழுவது இதே கடுக்காயும் இரும்பும் சேரும் வினையால்தான். மஞ்சள் தூளில் கிடைக்கும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சாயமேற்றிய துணியின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஜன்னலில் இரண்டு வாரம் ஒட்டிவைத்தால், மூடாத பாதி வெளிறிப்போவதைக் காணலாம். எந்தச் சாயத்துக்கும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டே வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

வகுப்புக்குப் போவது பற்றி. பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? ஆசிரியர் ஒவ்வொருவரின் கையையும் பார்க்க வேண்டுமானால் பத்துக்கு மேல் தாங்காது. துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாரா? பின்பக்கம் பார்க்காத ஆசிரியரால் இறுக்கத்தைத் திருத்த முடியாது. வடிவம் அச்சிட்டுத் தருகிறார்களா, நாமே வரைய வேண்டுமா? கடைசியில் கையில் வருவது முடித்த பொருளா, பயிற்சித் துணியா? முடித்த பொருள் தருகிற வகுப்பு உற்சாகமாக இருக்கும். ஆனால் துணி, நிறம், அளவு எல்லாவற்றையும் அவர்கள் தேர்ந்தெடுத்துவிட்டிருப்பார்கள். தேர்ந்தெடுக்கத்தானே நாம் கற்க வந்தோம். பயிற்சித் துணி தருகிற வகுப்பையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

தமிழ்நாட்டில் தேட வேண்டிய இடங்கள் உண்டு. 1956இல் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்கள் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கின்றன; சாயம், நெசவு, வடிவமைப்பு தெரிந்தவர்கள் அங்கே உண்டு. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் கைத்தறியும் கலம்காரியும் தனிப் பிரிவுகளாக நடக்கின்றன. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் கைவினைப் பட்டறைகள் நடப்பது வழக்கம். பார்த்துக் கற்க, கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகத்தில் நல்ல காந்தாத் தொகுப்பு இருக்கிறது; லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத் துணிகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. காந்தாவின் படம் கிடைத்தால் அதைப் பெரிதாக்கித் தையலை எண்ணுங்கள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை என்று எழுதி, அதே எண்ணிக்கையில் ஒரு விரல் நீளம் தைத்துப் பாருங்கள்.

வகுப்பு முடிந்த இரண்டு நாளுக்குள், குறிப்பைப் பார்க்காமல் மறுபடி ஒன்று செய்யுங்கள். எங்கே கை தடுமாறுகிறதோ அதை மட்டும் குறிப்பில் தேடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் பாதி போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒரு வகுப்புக்கு மேல் வேண்டாம். அடுத்தடுத்த வகுப்புக்கு ஓடுகிறவரின் அலமாரியில் பாதியில் நின்ற துணிதான் சேரும்.

தனியாகச் செய்கிற எவருக்கும் ஒரு கட்டத்தில் தன் துணி தன் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதற்கு ஆட்கள் வேண்டும். ஐந்திலிருந்து ஏழு பேர், மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சதுரம் கொண்டுவர வேண்டும், முடித்த வேலை கூடாது. துணியைச் சுவரில் குத்தி இரண்டு நிமிடம் பேசாமல் பாருங்கள். பிறகு ஒவ்வொருவராக, கண் முதலில் எங்கே போனது என்பதை மட்டும் சொல்லட்டும். “நல்லா இருக்கு” என்ற சொல்லுக்கு அங்கே தடை. அதன்பின் துணியைத் திருப்பிப் பின்பக்கம். செய்தவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். தான் சொல்ல நினைத்தது அவர்களுக்குத் தெரிந்ததா என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கும். முன்கூட்டியே விளக்கிவிட்டால் எல்லாரும் விளக்கத்தைத்தான் பார்ப்பார்கள். “அக்கா, இந்த மூலையில தையல் ஏன் நெருங்கிப் போச்சு?” என்ற ஒரு கேள்வி பத்துப் பாராட்டை விட மேல்.

சேர்ந்து செய்ய வேண்டியவையும் உண்டு. சாயத்துக்கு ஒரே பாத்திரம், ஆளுக்கு நூறு கிராம் துணி, செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சுற்றுத் துணி என்று ஒன்று வையுங்கள்: 30 செ.மீ. சதுரம், வாரம் ஒருவர் வீட்டில், ஓட்டுத் தையல் மட்டும், ஆளுக்கு ஒரு நிறம். முந்தியவர் போட்டதைப் பிரிக்கக் கூடாது, சேர்க்கலாம். அடுத்தவர் தையலுக்குப் பக்கத்தில் தைக்கும்போது அவருடைய இறுக்கம், நீளம், பொறுமை எல்லாம் விரலுக்குத் தெரியும். இடையில் வாட்ஸ்அப்பில் படம் போடுவதென்றால், காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தையலின் மேடு பள்ளம் அழிந்துவிடும்.

கூட்டாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் போர்கை என்ற பெயரில் சேர்ந்து, தங்கள் சமூகத்தில் அருகிவிட்ட பூத்தையலை மூத்த பெண்களிடம் கற்று மீட்டெடுத்தார்கள். அவர்களிடமிருந்தோ தோடர்களிடமிருந்தோ கற்றால் பெயரைச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். தோடர் பூத்தையலுக்கு 2013இலிருந்து புவிசார் குறியீடு உண்டு. எண்ணும் முறையைப் பழக அந்த வடிவத்தைத் தைத்துப் பார்க்கலாம்; அதே பெயரில் விற்பது அவர்கள் பிழைப்பில் கைவைப்பது.

பயிற்சித் துணிகளை வைத்துக்கொள்ளும் முறை ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மழைக்காலத்தில் பலர் இதில் கோட்டைவிடுகிறார்கள். பசை போட்டு நோட்டில் ஒட்டாதீர்கள். பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும், துணி மஞ்சளாகும். மேலே இரண்டு தையல் போட்டுத் தடித்த காகிதத்தில் பிடித்துவிடுங்கள். பின்பக்கம் பார்க்கத் தூக்கவும் முடியும். தேதி, துணி, இழை, ஊசி எண், இடைவெளி, இவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்திப் பையில் போடுங்கள். அந்துருண்டை வைப்பதென்றால் துணியில் படாமல் தனிப் பொட்டலமாக. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் கிடைக்கிற நாளில் நிழல் காற்றில் ஒருமுறை விரித்து எடுத்துவையுங்கள்.

பன்னிரண்டு சதுரம் சேர்ந்ததும் எல்லாவற்றையும் தரையில் விரித்து, நாற்காலி மேல் ஏறி நின்று பாருங்கள். எந்த இடைவெளிக்கு, எந்த வளைவுக்கு, எந்தச் சாம்பலுக்கு உங்கள் கை கேட்காமலே திரும்பத் திரும்பப் போயிருக்கிறது என்று தேடி, அப்படிப்பட்ட மூன்றை மட்டும் எடுத்து வையுங்கள். அடுத்த துணியை 40 செ.மீ. ஆக வெட்டி, அந்த மூன்றோடு தொடங்குங்கள்.